கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்: சிகிச்சைக்கு முன் எடுக்கும் எம்.ஆர்.ஐ., பெற் ஸ்கான்கள் பற்றி யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பயோப்சி (திசு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போட்டில் புற்றுநோய் என்று வந்த அன்றே வீட்டில் இரண்டு கேள்விகள் கிளம்பிவிடும். "எத்தினையாம் கட்டமாம்?" என்பது ஒன்று. "கொழும்புக்குப் போய் பெற் ஸ்கான் எடுக்கவேணுமாமே?" என்பது மற்றது. இரண்டாவது கேள்வி பெரும்பாலும் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ தொலைபேசியில் வந்துசேரும். அங்கே அது வழமையான பரிசோதனை. காசு அனுப்பவும் அவர்கள் ஆயத்தம். நல்ல மனம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டி அந்த ஸ்கானை எடுக்கிறோம் என்று தெரியாமல் பஸ் ஏறினால் காசும் நாளும்தான் போகும்.

ஆகவே இந்த வழிகாட்டியை ஸ்கானிலிருந்து தொடங்காமல், ஸ்கானுக்கு முன்னால் நடக்கவேண்டியவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

1. கட்டம் என்றால் என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நோய் எந்த இடம்வரை போயிருக்கிறது என்பதைச் சொல்வதே கட்டம். எவ்வளவு நாள் உயிர் வாழ்வார் என்பதற்கான தீர்ப்பு அல்ல. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு உலகெங்கும் பயன்படுவது பிகோ என்ற முறை. மகப்பேற்று, பெண்நோயியல் மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு வகுத்தது.

தாளில் ரோமன் எண்ணில் இருக்கும். சுருக்கம் இதுதான். கட்டம் 1 என்றால் நோய் கருப்பைக் கழுத்துக்குள் அடங்கியிருக்கிறது. இதற்குள் அளவு முக்கியம்: 2 சென்ரிமீற்றருக்குக் குறைவானால் 1பி1, 2 முதல் 4க்குள் என்றால் 1பி2, 4 அல்லது அதற்கு மேல் என்றால் 1பி3. கண்ணுக்குத் தெரியாத, நுணுக்குக்காட்டியில் மட்டும் தெரிகிற நோய் 1ஏ. கட்டம் 2 என்றால் கழுத்தைத் தாண்டிவிட்டது. யோனியின் மேற்பகுதிக்கு வந்திருந்தால் 2ஏ, பக்கவாட்டில் உள்ள மென்திசுவுக்குள் புகுந்திருந்தால் 2பி. கட்டம் 3இல் யோனியின் கீழ் மூன்றிலொரு பகுதி, இடுப்புச் சுவர், சிறுநீர்க்குழாய் அடைபட்டு வீங்கிய சிறுநீரகம் ஆகியவை வரும். நிணநீர்க்கணுவில் நோய் இருந்தால் அதுவும் கட்டம் 3தான்: இடுப்புக் கணுக்கள் மட்டும் என்றால் 3சி1, வயிற்றின் பின்புறம் பெருநாடியை ஒட்டிய கணுக்கள் என்றால் 3சி2. சிறுநீர்ப்பை அல்லது மலக்குடலின் உட்சவ்வு வரை போனால் 4ஏ. நுரையீரல், எலும்பு என்று தூரத்துக்குப் போனால் 4பி.

இதில் 2018ஆம் ஆண்டு நடந்த மாற்றம் பெரியது. அதற்கு முன்னர் பிகோ கட்டம் என்பது கிட்டத்தட்ட முழுவதும் கைப் பரிசோதனையால் தீர்மானிக்கப்பட்டது. சி.ரி. ஸ்கானில் கணு வீங்கித் தெரிந்தாலும் கட்டத்தின் எண் மாறாது. 2018 திருத்தத்தில்தான் ஸ்கான் முடிவும் கட்டத்துக்குள் வந்தது, 3சி என்ற பிரிவும் பிறந்தது. ஸ்கானை வைத்து முடிவு செய்ததென்றால் கடைசியில் 'ஆர்' (r) என்ற ஆங்கிலச் சிற்றெழுத்துப் போடுவார்கள். கணுவை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்து முடிவு செய்ததென்றால் 'பி' (p; 1பி, 2பியில் வரும் B அல்ல). ஆகவே 3சி1ஆர் என்று கண்டால், இடுப்புக் கணுவில் நோய் இருப்பதாக ஸ்கான் சொல்கிறது, திசுவை எடுத்துப் பார்க்கவில்லை என்று பொருள்.

பழைய இணையப் பக்கங்களையும் பழைய கையேடுகளையும் பார்த்துக் குழம்புகிறவர்கள் அநேகம். 2018க்கு முந்தியதாக இருந்தால் மூடி வைத்துவிடுங்கள்.

2. ஸ்கானுக்கு முன் கை வைத்துப் பார்க்கும் பரிசோதனை

இதைத் தட்டிக்கழிக்க இடமில்லை. பெண்நோயியல் வைத்தியரும் புற்றுநோய் வைத்தியரும் யோனி வழியாகவும் மலவாசல் வழியாகவும் விரலால் பரிசோதித்து, பக்கத் திசு மிருதுவாக இருக்கிறதா, இறுகி இடுப்புச் சுவரோடு ஒட்டிவிட்டதா என்று பார்ப்பார்கள். வலி அல்லது இரத்தப்போக்கு அதிகமானால் மயக்கமருந்து கொடுத்துச் செய்வதுண்டு. எங்கள் பெண்கள் பலர் இந்தப் பரிசோதனைக்குக் கூச்சப்பட்டே மாதக்கணக்கில் பிந்திவிடுகிறார்கள். பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. கூட ஒரு தாதி நிற்கவேண்டும் என்றும் கேட்கலாம். "மிஸ், நீங்கள் கொஞ்சம் பக்கத்தில நில்லுங்கோ" என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

இதே நேரத்தில் இரத்தப் பரிசோதனைகள் நடக்கும். அதில் இரண்டு முடிவுகளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஹீமோகுளோபின், இரத்தம் போய்ப்போய் இது இறங்கியிருக்கும், கதிர்ச்சிகிச்சைக்கு முன் ஏற்றவேண்டி வரலாம். மற்றது கிரியற்றினின், அதாவது சிறுநீரகத்தின் நிலை. ஸ்கானுக்கு ஏற்றும் சாய மருந்தும், பிற்பாடு ஏற்றும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் சிறுநீரகத்தை நம்பியே இருப்பதால் இந்த எண் எல்லா இடத்திலும் கேட்கப்படும்.

3. எம்.ஆர்.ஐ.: கட்டியைச் சுற்றியுள்ளதைப் பார்க்க

இடுப்புக்குள் கட்டி எவ்வளவு பெரியது, பக்கத் திசுவுக்குள் போய்விட்டதா, சிறுநீர்ப்பையைத் தொட்டுவிட்டதா என்ற கேள்விகளுக்குச் சிறந்த பதில் எம்.ஆர்.ஐ.யில்தான் கிடைக்கும். பெற் ஸ்கான் எடுத்தால் எம்.ஆர்.ஐ. தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. பெற்-சி.ரி.யில் வரும் படத்தில் கருப்பைக் கழுத்தின் விளிம்பு அவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஒன்று இன்னொன்றுக்குப் பதிலாகாது. நல்ல வேளையாக எம்.ஆர்.ஐ.க்குக் கொழும்புவரை போகத் தேவையில்லை. யாழ் போதனா வைத்தியசாலையிலேயே எடுக்கலாம்.

கதிரியக்க வைத்தியர் அந்தப் படத்தில் தேடுவது ஒரு கறுப்பு வளையத்தை. குறித்த ஒருவகைப் படத்தில் ஆரோக்கியமான கருப்பைக் கழுத்தின் திசு கறுப்பாகத் தெரியும், கட்டி சாம்பல் நிறமாகத் தெரியும். சாம்பல் நிறத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் முழுமையாக நின்றால், வேலி அறுபடவில்லை, நோய் பக்கத்து வளவுக்குள் போகவில்லை என்று பெருமளவு நம்பிக்கையோடு சொல்லலாம். வளையம் ஓரிடத்தில் அறுந்து, கட்டி வெளியே துருத்திக்கொண்டு நின்றால் அது 2பி. சத்திரசிகிச்சையா கதிர்ச்சிகிச்சையா என்ற பெரிய முடிவு அந்த வளையத்தில்தான் தொங்குகிறது.

ஆயத்தங்கள் எளிது. சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். குடல் அசைந்து படம் மங்காமல் இருக்க ஓர் ஊசி போடலாம். சில இடங்களில் யோனிக்குள் ஜெல் வைப்பார்கள். மேற்பகுதியின் சுவர் விரிந்து தெளிவாகத் தெரியும். சலப்பை முழுக்க நிரம்பியும் இருக்கக்கூடாது, வெறுமையாகவும் இருக்கக்கூடாது. பயோப்சி எடுத்த கையோடு எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்தக் காயத்தின் வீக்கமும் இரத்தமும் கட்டி போலத் தோன்றலாம். ஒரு வாரம், பத்து நாள் இடைவெளி விடுவது நல்லது.

இனி, எங்கள் ஊருக்கே உரிய ஒரு விடயம். உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறவர்கள் வடக்கில் கொஞ்சநஞ்சமல்ல. முப்பது வருடத்துக்கு முன் தொடையில் ஏறிய துண்டு இப்போது வலிக்கவில்லை என்பதால் அதைச் சொல்லவேண்டும் என்ற எண்ணமே வராது. எம்.ஆர்.ஐ. மிக வலிமையான காந்தம். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றின் பக்கத்தில் உலோகத் துண்டு இருந்தால் அது அசையக்கூடும், சூடாகக்கூடும். ஆகவே ஷெல், துவக்குச் சூடு, கண்ணிவெடி எதனால் காயப்பட்டிருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓர் எக்ஸ்ரே எடுத்து இடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள். துண்டு இருந்தாலே எம்.ஆர்.ஐ. முடியாது என்றில்லை. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், மூளையில் கிளிப் போட்டவர்கள், குடும்பக் கட்டுப்பாட்டு லூப் போட்டவர்கள் எல்லோரும் அதையும் சொல்லவேண்டும்.

தாலிக்கொடியைக் கழற்றவேண்டி வரும். சில அம்மாமாருக்கு ஸ்கானைவிட இதுதான் பெரிய துக்கம். மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டி வைத்துக்கொண்டு உள்ளே போகலாமா என்று கேட்டுப் பாருங்கள். உலோகம் இல்லாதவரை பொதுவாகப் பிரச்சினை இராது. சட்டையில் குத்திய ஊசி, கொண்டை ஊசி, தோடு, மூக்குத்தி எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது உத்தமம்.

4. பெற் ஸ்கான் உங்களுக்கு வேண்டுமா?

பெற்-சி.ரி. என்பது ஒரே கட்டிலில் படுத்தபடி எடுக்கும் இரண்டு ஸ்கான். சி.ரி. உடம்பின் அமைப்பைக் காட்டும். பெற் உடம்பின் எந்த இடம் சீனியை அதிகமாக உறிஞ்சுகிறது என்று காட்டும். புற்றுநோய்க் கலங்கள் பொதுவாகச் சீனியை அள்ளி எடுப்பவை. எனவே எவ்.டி.ஜி. என்ற, கதிர் வீசும் ஒருவகைக் குளுக்கோசைக் கை நரம்பில் ஏற்றிவிட்டு, அது எங்கே சேர்கிறது என்று பார்க்கிறார்கள். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எந்தக் கணு எரிகிறது, அதாவது சீனியை இழுத்துப் படத்தில் பளிச்சென்று நிற்கிறது, என்று இடத்தோடு தெரியும். இந்த இரண்டையும் ஒரே இயந்திரத்தில் இணைத்த முதல் மாதிரி 1998இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கில் இயங்கத் தொடங்கியது. பெற்றையும் எம்.ஆர்.ஐ.யையும் இணைத்த இயந்திரமும் பின்னர் வந்தது. கருப்பைக் கழுத்துக்கு அது அருமையான சேர்க்கைதான். ஆனால் உலகில் சில பெரிய மையங்களில் மட்டுமே உண்டு. அது இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. தனியே எடுத்த நல்ல எம்.ஆர்.ஐ.யையும் தனியே எடுத்த பெற்-சி.ரி.யையும் ஒரே வைத்தியர் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் தேவையானது கிடைத்துவிடும்.

சரி, யாருக்கு வேண்டும்? சாதாரண சி.ரி.யும் எம்.ஆர்.ஐ.யும் கணுவின் பருமனை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்லும். குறுக்களவு 8 அல்லது 10 மில்லிமீற்றரைத் தாண்டினால் சந்தேகம், இல்லாவிட்டால் இல்லை. நோய் புகுந்தும் வீங்காத கணு அங்கே தப்பிவிடும். பெற்றில் அது எரிந்து காட்டிக்கொடுக்கலாம். இதனால்தான் கட்டி 4 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் இருப்பவர்கள், பக்கத் திசுவுக்கு நோய் போனவர்கள், எம்.ஆர்.ஐ.யில் ஏதாவது கணு சந்தேகமாகத் தெரிந்தவர்கள் ஆகியோருக்குச் சிகிச்சைக்கு முன் பெற்-சி.ரி. அல்லது நெஞ்சு, வயிறு சி.ரி. எடுக்கும்படி ஐரோப்பிய வழிகாட்டல்கள் சொல்கின்றன. மிகச் சிறிய, கருப்பைக் கழுத்துக்குள் அடங்கிய கட்டிக்குப் பெற் ஸ்கானால் பெரிதாக எதுவும் கிடைக்காது. அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள், தேவை வரும்.

வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "டொக்டர், இந்த ஸ்கானில் ஏதும் புதிதாகத் தெரிந்தால் சிகிச்சை என்ன மாதிரி மாறும்?" "மேலே கணு இருந்தால் கதிர் கொடுக்கும் எல்லையை உயர்த்துவோம்" என்ற மாதிரிப் பதில் வந்தால் போய் எடுங்கள். "எப்படியும் இதே சிகிச்சைதான்" என்றால் எடுக்கும் அவசியத்தை மறுபடி பேசிப் பாருங்கள்.

5. பயணமும் சாப்பாடும்

பெற் ஸ்கானுக்குத் தெற்கே இறங்கத்தான் வேண்டும். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் அரச செலவில் உண்டு. அந்த இயந்திரத்துக்காக 2016இல் நாடு முழுவதும் சாதி மத பேதமில்லாமல் சாதாரண சனம் காசு சேர்த்தது. எங்கள் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் அப்படி ஒரு கதை உண்டு: 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை சனம் நடந்து சேர்த்த காசிலிருந்து எழுந்தது அது. கொழும்பில் தனியாரிடமும் எடுக்கலாம், பணம் கணிசமாகச் செலவாகும். சென்னைக்குப் பறக்கிறவர்களும் உண்டு. பலாலி விமான நிலையம் 2019இல் சர்வதேச நிலையமாகத் திறந்தபின் அந்த வழி இலகுவாகிவிட்டது.

கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். எங்கள் பழக்கம், இரவு பஸ் ஏறி விடியற்காலை இறங்கி, முகம் கழுவிவிட்டு நேரே வைத்தியசாலை. ஓபிடிக்கு அது சரிவரும். பெற் ஸ்கானுக்குச் சரிவராது, அதற்குக் காரணம் உண்டு. ஏசி பஸ்ஸில் இரவு முழுவதும் குளிரில் நடுங்கினால், உடம்பு சூடு பிடிப்பதற்காகக் கழுத்திலும் தோளிலும் உள்ள பழுப்புக் கொழுப்பு சீனியை இழுத்து எரிக்கும். படத்தில் கழுத்துப் பக்கம் பளிச்சென்று தெரியும். காறையெலும்புக்கு மேலே உள்ள கணு, இந்த நோய் தூரத்துக்குப் பரவுகிறதா என்று பார்க்கும் முக்கியமான இடம்; அது இந்த வெளிச்சத்தில் மறைந்துபோகலாம். பயணத்தில் பையைத் தூக்கி ஓடித்திரிந்த தசைகளும் அப்படியே சீனியைக் குடிக்கும். ஆகவே முதல் நாள் பகலிலேயே போய்ச் சேருங்கள். வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ சொந்தக்காரர் இல்லாத யாழ்ப்பாணத்தவர் குறைவு. ஒரு போர்வை, காலுறை, சுவெற்றர் எடுத்துச் செல்லுங்கள். ஸ்கான் அறைகளும் குளிர்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. எவ்.டி.ஜி.யின் கதிர் 110 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும், அடுத்த 110 நிமிடத்தில் அதிலும் பாதி. உங்களுக்கென்று அளந்து வைத்த மருந்து உங்களுக்காகக் காத்திராது. மாங்குளத்தில் பஸ் பழுதாகி நின்றால் அன்றைய ஸ்கான் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். சில நாட்களில் மருந்து உற்பத்தியே சரிவராமல் திகதி மாறும். அதனால் புறப்படும் முன் ஒருதரம் தொலைபேசியில் உறுதிப்படுத்துங்கள்.

முதல் நாள் சாப்பாடு. இலக்கு, உடம்பில் சீனியும் மாச்சத்தும் குறைய வேண்டும். சோறு, இடியப்பம், புட்டு, பாண், வாழைப்பழம், பனங்கட்டி, சோடா எல்லாம் ஒருநாள் ஓய்வெடுக்கட்டும். மீன், முட்டை, கோழி, கீரை, கத்தரி, வெண்டி, பயற்றங்காய் சாப்பிடலாம். மரக்கறிக்காரர் கீரைக்கறியும் சோயா மீற்றும் வைத்துக்கொள்ளலாம். கடின வேலை, நெடுநடை வேண்டாம். ஸ்கானுக்கு முன் ஆறு மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடக்கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். பிளேன்ரீ "சீனி போடாததுதானே" என்று சிலர் குடிப்பார்கள்; பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டியைக் கடிக்காதவரை அந்தக் கதை நம்பக்கூடியது, ஆனாலும் வேண்டாம். வெற்றிலையும் வேண்டாம். மெல்லும் தாடைத் தசை எரிந்து தெரியும்.

சலரோகம் உள்ளவர்கள் திகதி எடுக்கும்போதே சொல்லவேண்டும். பொதுவாக இரத்தத்தில் சீனி 200க்குக் கீழே இருந்தால்தான் மருந்து ஏற்றுவார்கள். கூடினால், உங்கள் சொந்தச் சீனியே எவ்.டி.ஜி.யோடு போட்டி போட்டுக் கட்டியின் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். சீனியை இறக்கலாம் என்று வந்த இடத்தில் இன்சுலின் போட்டால் அது இன்னும் மோசம். எல்லாம் தசைக்குள் போய்விடும். மெற்போமின் குளிசை குடலை எரியவைத்துக் காட்டும் என்பதால் 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்லும் நிலையங்கள் உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்கான் எடுக்கும் இடத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

பையில் இருக்கவேண்டியவை: கிளினிக் கொப்பி, பயோப்சி ரிப்போட், எம்.ஆர்.ஐ. ரிப்போட், அதன் சீடி, கிரியற்றினின் முடிவு, அடையாள அட்டை. சீடியை மறந்துவிட்டு ரிப்போட்டை மட்டும் கொண்டுபோகிறவர்கள் அதிகம். படத்தைப் பார்க்காமல் ஒப்பிட முடியாது.

6. ஸ்கான் நாளில்

விரலில் குத்திச் சீனி பார்ப்பார்கள். ஊசி போட்டு மருந்து ஏற்றியபின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அமைதியான அறையில் படுக்கவேண்டும். கதைக்கக்கூடாது, தொலைபேசி பார்க்கக்கூடாது, எழுந்து நடக்கக்கூடாது. துணைக்குப் போனவர் பக்கத்தில் இருக்க முடியாது. அந்த ஒரு மணி நேரம் நோயாளியின் உடம்பிலிருந்து கதிர் வெளிவரும். சிங்களமோ ஆங்கிலமோ வராத அம்மாவாக இருந்தால், ஊசி போடும் முன்பே எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொல்லி முடித்துவிடுங்கள்.

பிறகு முக்கியமான ஒன்று. எவ்.டி.ஜி. சலத்தோடு வெளியேறும். சலப்பை நிரம்பியிருந்தால் அது நெருப்புக் கோளம் போலத் தெரிந்து, அதன் பின்னால் ஒட்டியிருக்கும் கருப்பைக் கழுத்தை மறைத்துவிடும். கட்டிலில் ஏறுவதற்குச் சற்று முன் சலம் கழிக்கச் சொல்வார்கள். "இப்பதானே போயிற்று வந்தனான்" என்று மறுக்கவேண்டாம். ஸ்கானைத் தொடையிலிருந்து மேல்நோக்கி எடுப்பதும் சலப்பை மறுபடி நிரம்பும் முன் இடுப்பை முடிக்கத்தான். தலையடியிலிருந்து நடுத்தொடைவரை, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மாதவிடாய் நிற்காதவர்கள் கடைசி மாதவிடாய் திகதியைச் சொல்லவேண்டும். மாதவிடாய் நாட்களில் கருப்பையின் உட்சுவர் இயல்பாகவே எரியும், முட்டை வெளிவரும் நாட்களில் சூலகம் எரியும். கர்ப்பமாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். அண்மையில் தடுப்பூசி போட்டிருந்தால் எந்தக் கையில் என்பதும் தேவை. அக்குள் கணு அதனால் வீங்கி எரியலாம்.

கதிர் அளவு பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு. எவ்.டி.ஜி.யால் மட்டும் வருவது 5 முதல் 7 மில்லிசீவேட் (உடம்பு வாங்கும் கதிரின் அலகு) அளவில் இருக்கும். சி.ரி. பகுதி எப்படி எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன்மேல் கூடும். இயற்கையிலிருந்து ஒரு மனிதர் ஆண்டுக்குப் பெறும் உலக சராசரி 2.4. சிகிச்சையில் இடுப்புக்குக் கொடுக்கப்போகும் கதிரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. அன்று மாலைவரை கைக்குழந்தையையும் கர்ப்பிணிகளையும் நெருங்காமல் இருந்தால் போதும். நிறையத் தண்ணீர் குடித்துச் சலம் போனால் விரைவாக வெளியேறும். மறுநாள் பேரனை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

7. ரிப்போட்டை எப்படி வாசிப்பது

இங்கேதான் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. ரிப்போட்டில் எஸ்.யு.வி. என்று ஓர் எண் இருக்கும். சீனியை எவ்வளவு இழுத்தது என்பதன் அளவு அது. 12 என்றால் 6ஐவிட இரண்டு மடங்கு ஆபத்து என்று பொருளல்ல. இயந்திரம், இரத்தச் சீனி, ஊசிக்கும் ஸ்கானுக்கும் இடைப்பட்ட நேரம் எல்லாவற்றோடும் மாறும் எண் அது. பக்கத்து வாட் அக்காவின் எண்ணோடு ஒப்பிட்டு அழுவதால் பயனில்லை.

எரிவதெல்லாம் புற்றுநோயும் அல்ல. மூளை, இருதயம், சிறுநீரகம், சலப்பை இயல்பாகவே எரியும். கிருமித் தொற்று எரியும். கயரோகக் கணு புற்றுநோய்க் கணுவைப் போலவே எரியும், எங்கள் நாட்டில் இதை மறக்கக்கூடாது. காலில் புண் இருந்தால் கவட்டில் நெறி கட்டும். அந்த நெறியும் எரியும். வயலில் வேலை செய்து காலில் காயத்தோடு திரிகிறவர்கள் அதை ஸ்கானுக்கு முன்பே சொன்னால் பிறகு வீண் பீதி இல்லை. நோயின் போக்கையே மாற்றக்கூடிய ஓர் இடத்தில், உதாரணமாகக் காறையெலும்புக்கு மேலே உள்ள கணுவில், ஒற்றைப் புள்ளி எரிந்தால் ஊசியால் குத்தித் திசு எடுத்து உறுதிப்படுத்தவேண்டும் என்று கேளுங்கள். ஒற்றை வெளிச்சத்தை நம்பி 4பி என்று முத்திரை குத்துவதை நான் ஏற்பதில்லை. குணமாக்கும் சிகிச்சையே கைவிடப்படக்கூடிய முத்திரை அது.

எரியாததெல்லாம் சுத்தமும் அல்ல. 4, 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த நோய்ப் புள்ளியைப் பெற் ஸ்கானால் பிடிக்க முடியாது. சளித்தன்மையுள்ள சிலவகை அடினோகார்சினோமாக்கள் (சுரப்பிக் கலங்களில் தோன்றும் புற்றுநோய்கள்) சீனியைக் குறைவாகவே எடுக்கும். முற்றிய நோயில், பெருநாடிக் கணுக்கள் சுத்தம் என்று பெற் சொன்ன பெண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து பார்த்தபோது, ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம் அங்கே நோய் ஒளிந்திருந்தது. இடுப்புக் கணு எரிந்தவர்களில் இது இன்னும் அதிகம். அதனால்தான் சில வைத்தியர்கள் பெற் சுத்தமாக இருந்தும் கதிர் எல்லையை ஒருபடி உயர்த்துகிறார்கள். "ஸ்கானில ஒண்டும் இல்லையெண்டவை, பிறகேன் மேலேயும் கதிர்?" என்று சண்டைக்குப் போகும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

8. முடிவு எடுக்கும் இடம்

கைப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., பெற் மூன்றும் ஒரே மேசைக்கு வரவேண்டும். பெண்நோயியல், புற்றுநோய், கதிரியக்கம், நோய்க்கூற்றியல் வைத்தியர்கள் சேர்ந்திருந்து பேசும் கூட்டம் அது. உங்கள் பெயர் அதில் எடுக்கப்பட்டதா என்று கிளினிக்கில் கேட்கலாம்.

சிறிய கட்டி, கணு சுத்தம் என்றால் சத்திரசிகிச்சை. கட்டி பெரிது, பக்கத் திசு அல்லது கணு பாதிப்பு என்றால் கதிரும் கூடவே கிழமைக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டினும். இடுப்புக்கு வழமையாக 25 தடவைகளில் 45 கிரே (சிகிச்சைக் கதிரின் அலகு), அதன்பின் உள்ளிருந்து கொடுக்கும் கதிர். எரிந்த இடுப்புக் கணுவுக்கு மேலதிகமாக ஒரு பங்கு கொடுப்பார்கள். பெருநாடிக் கணு எரிந்தால் கதிர் எல்லை சிறுநீரகத்தின் இரத்தக்குழாய்களின் மட்டம்வரை உயரும். பெற் ஸ்கானுக்குச் செலவழித்த காசு உண்மையில் பயன்படுவது இந்த வரைபடத்தில்தான்: எங்கே கதிர் படவேண்டும், எங்கே குடலை விட்டுவைக்கலாம் என்று கோடு கீறுவதற்கு. சிறுநீரகம் வீங்கியிருந்தால் முதலில் குழாய் வைத்து அடைப்பை எடுப்பார்கள்.

9. பெற் ஸ்கான் சரிவராவிட்டால்

நெஞ்சு, வயிறு, இடுப்பு மூன்றையும் சாய மருந்தோடு சி.ரி. எடுத்து, எம்.ஆர்.ஐ.யோடு சேர்த்துப் பார்த்தால் சிகிச்சையைத் தாராளமாகத் தொடங்கலாம். பிகோ 2018 எந்த ஸ்கானையும் கட்டாயமாக்கவில்லை. இருக்கும் வசதியைக் கொண்டு கட்டம் சொல்ல இடம் விட்டிருக்கிறது. பெற் திகதிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் ஆபத்து. கதிர்ச்சிகிச்சையை ஆரம்பித்தால் உள்கதிரும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிக்கவேண்டும் என்பது விதி. அதற்கு முன் நாட்களை வீணாக்கினால் கட்டி அதன்பாட்டுக்கு வளரும், ஸ்கானில் எடுத்த கட்டம் பழசாகிவிடும். திகதி பிந்தினால் வைத்தியரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "இதுக்காகக் காத்திருக்கலாமோ, சி.ரி.யோட தொடங்குவமோ?"

சிகிச்சை முடிந்து மூன்று மாதமளவில் மறுபடி ஒரு ஸ்கான் எடுக்கச் சொல்லலாம். அதற்கு முன் எடுத்தால் கதிரால் வந்த புண்ணும் அழற்சியும் எரிந்து குழப்பும். முதல் ஸ்கானை எடுத்த அதே இடத்தில், முடிந்தால் அதே இயந்திரத்தில் எடுங்கள். பழைய சீடியையும் அப்போது கொண்டுபோகவேண்டும். அலுமாரியில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள், வெயில் படும் யன்னலோரத்தில் வைக்காதீர்கள். ஒரு பிரதியைப் பென்ரைவிலும் எடுத்து வேறொருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.